புலியைப் படம்பிடித்த சாம்பியன் துரை

கருவியைப் பெறுதல் எளிது. அதன் இயல்பறிந்து பயன்கொள்ளுதல் அரிது. இவ்வுண்மையை யாம் கற்றது வகுப்பறையில் அன்று. ஆனைமலைக் காட்டுச் சாலையிலேயாம். பொள்ளாச்சியை அடுத்த டாப்ஸ்லிப்புக்கு நண்பர் குழாத்துடன் சென்று மீளும் அந்திவேளையில், மூங்கிற்புதரின் அருகே காட்டுமாடு ஒன்று நின்றது. வண்டியிலிருந்தோர் கைகள் யாவும் ஒருங்கே எழுந்தன. கையடக்கக் காமிராக்களின் ஃபிளாஷ் விளக்குகள் பளீரென மின்னின. காட்டுமாடு வெருண்டு இருளில் மறைந்தது. எம் படத்தில் எஞ்சியவை, முன்னே நின்ற இலைகளின் வெண்மையும் அவற்றின் பின்னே இரண்டு ஒளிப்புள்ளிகளுமே. வனக்காவலர் எம்மைக் கடிந்துகொண்டனர், அது தக்கதே. அந்நாணம் உந்த, இருளில் விலங்கைப் படம்பிடிக்கும் கலை நம் நாட்டில் எங்ஙனம் வளர்ந்தது என ஆராயப் புகுந்தேம். அப்பொழுது எதிர்ப்பட்டதே எப். டபிள்யூ. சாம்பியன் துரையின் வரலாறு. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிரெடரிக் வால்டர் சாம்பியன் 1893-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24-ஆம் நாள் இங்கிலாந்தில் சர்ரே என்னும் பகுதியில் பிறந்தனர். இவர்தம் தந்தையார் ஜார்ஜ் சார்லஸ் சாம்பியன், நடு அமெரிக்கக் காடுகளில் ஆண்டுக்கணக்காகத் திரிந்து பூச்சியினங்களைத் திரட்டிய பேரறிஞர். தமையனார் ஹாரி சாம்பியன், இந்தியக் காடுகளை வகைப்படுத்தி நூல் செய்தவர். அவ்வகைப்பாடு இன்றும் வனநூல் பயில்வோர்க்கு அடிப்படையாய் விளங்குகின்றது. இத்தகைய குடியிற் பிறந்தவர்க்கு இயற்கையின்பால் நாட்டம் எழுந்தமை வியப்பன்று.

1913-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த சாம்பியன், கீழை வங்காளத்தில் போலீசுத் துறையில் 1916 வரை பணியாற்றினர். பின்னர்ப் படையிற் சேர்ந்தனர். போர் ஓய்ந்தபின் ஐக்கிய மாகாணத்து வனத்துறையிற் புகுந்தனர். இந்நாளில் உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் என வழங்கும் நிலப்பகுதியே அம்மாகாணம். இமயத்தின் அடிவாரத்திலுள்ள சிவாலிக் காடுகள் அவர்க்கு இரண்டாந் தாயகமாயின.

அந்நாளில் துரைமாரும் சிற்றரசரும் புலியைச் சுட்டு வீழ்த்தி, அதன் அருகே துப்பாக்கியுடன் நின்று படமெடுத்துக் கொள்வதைப் பெருமையாகக் கருதினர். ஆகவே காட்டுப் புலியின் படம் என்றால் பெரும்பாலும் செத்த புலியின் படமே. சாம்பியன் விழைந்ததோ வேறு. தன் காட்டில் தன் போக்கில் நடந்து செல்லும் உயிருள்ள புலியை உலகுக்குக் காட்ட வேண்டும் என்பதே அவர்தம் வேட்கை. அதற்குப் பெருந்தடையாய் நின்றது இருள். புலி மிகுதியும் இரவில் உலவுவது. அக்காலத்துக் காமிராவோ நல்லொளியின்றி எதனையும் பதியமாட்டாதது.

இருளை வெல்ல அந்நாளில் ஒரு வழி இருந்தது. மக்னீசியத் தூளுடன் உயிர்வளி தரும் உப்பைக் கலந்து எரித்தால், இமைப்பொழுதில் பேரொளி எழும். 1887-இல் ஜெர்மானியர் கண்ட முறை இது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்பார் இவ்வொளியால் மான் முதலியவற்றை இரவில் படம்பிடித்து, 1906-இல் ஒரு பெருந்தொகுதியை வெளியிட்டிருந்தனர். ஆயினும் அப்பொடி இடர் மிக்கது. வெடியோசையும் வெண்புகையும் உடையது. ஈரம் பட்டால் பயனற்றது. ஒருமுறை எரிந்தால் தீர்ந்தது.

சாம்பியன் இம்முறையைப் புலிக்கு ஏற்றவாறு அமைத்துக்கொண்டனர். முட்புதரினும் வழித்தடத்தையும் மணல் படிந்த ஓடைப் படுகையையும் புலி விரும்பும் என்பதை அவர் அறிந்திருந்தனர். அடிச்சுவடு கண்ட தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டி, அருகே காமிராவையும் ஒளிப்பொடியையும் பொருத்திவிட்டு அகன்றனர். கம்பியிற் கால் பட்டதும் பொடி எரியும், படம் பதியும். புலிக்கு முன் ஒரு மான் வந்து கம்பியைத் தட்டிவிடின் அவ்விரவின் உழைப்பு வீணே. இங்ஙனம் சலியாது முயன்றவர்க்குப் புலியும் சிறுத்தையும் கரடியும் தம் உருவத்தை நல்கின.

1925-இல் அவர்தம் புலிப்படங்கள் இலண்டன் நகரத்துப் பத்திரிகையில் வெளிவந்து கண்டோரை வியப்பில் ஆழ்த்தின. 1927-இலும் 1934-இலும் இரு நூல்கள் வெளிவந்தன. வேட்டையிற் புகழ்பெற்ற ஜிம் கார்பெட், துப்பாக்கியை ஒதுக்கிக் காமிராவை ஏந்துதற்கு நண்பர் சாம்பியனின் படங்கள் தூண்டுகோலாயின. புலிக்குப் புலி உடற்கோடுகள் வேறுபடும் என்பதையும் சாம்பியன் தம் படங்களைக் கொண்டே உணர்த்தினர். 1947-இல் இந்தியாவை விட்டு நீங்கிய அவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் வனப்பணி ஆற்றி, 1970-இல் ஸ்காட்லாந்தில் மறைந்தனர். அதன்பின் ஈராண்டில், 1972-இல், இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

இனி, எம் பிழைக்கு மீள்வாம். ஹெரால்டு எட்ஜர்டன் என்னும் அமெரிக்கர் 1930-களில் வளர்த்த மின்னொளி முறையின் வழிவந்ததே, இன்று காமிராவுள் அமைந்த ஃபிளாஷ். மின்தேக்கியிற் சேர்த்த மின்சாரம் செனான் வாயு நிறைந்த குழலிற் பாய, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பொழுதில் ஒளி எழுகின்றது. புகையில்லை, வெடியில்லை. ஆனால் அதன் வலிமை சில மீட்டர் அளவினதே. தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காய்க் குறையும். ஆதலின் அண்மையிலுள்ள இலை வெளுக்கும். அப்பாலுள்ள விலங்கு இருளிலேயே நிற்கும். விளக்கு கண்ணாடிவில்லையை ஒட்டி இருப்பதால், விலங்கின் கண்ணிற் பட்ட ஒளி நேரே திரும்பி இரு புள்ளிகளாய்த் தோன்றும். சாம்பியன் தாம் விலகி நின்று ஒளியை நெருங்க வைத்தனர். யாமோ எட்டாத தொலைவுக்கு ஒளியை வீணே எறிந்தேம்.

அவரது பேரொளியும் புலியை வெருட்டியிராதோ என வினவலாம். வெருட்டியே இருக்கும். ஆயினும் அது குண்டுக்கு மாற்றாக வந்த ஒளி, நொடியில் அணைந்தது, புலி உயிருடன் நடந்து சென்றது. அவ்வச்சத்தையும் தவிர்க்க வேண்டியே இந்நாளைத் தானியங்கிக் காமிராக்களிற் பல, அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகின்றன.

ஆனைமலை 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று. நான்காண்டுக்கு ஒருமுறை நிகழும் புலிக் கணக்கெடுப்பில் தடத்தின் இருபுறமும் காமிராக்களைப் பொருத்துகின்றனர். புலியின் இடப்பக்கக் கோடுகளும் வலப்பக்கக் கோடுகளும் ஒன்றல்ல ஆதலின். ஆளில்லாக் காட்டில் விழித்திருக்கும் அச்சிறு பெட்டிகளில் சாம்பியன் துரையின் பொறுமை இன்றும் வாழ்கின்றது.

நண்பர்காள்! அடுத்தமுறை மலையேறுங்கால் காமிராவை எடுத்துச் செல்வோம். ஆனால் ஃபிளாஷை நிறுத்திவைப்போம். படம் கிட்டாவிடினும் காட்டுமாடு அங்கேயே மேய்ந்துகொண்டிருக்கும். நாமும் அதனைக் கண்ணாரக் கண்டு மீள்வோம்.