பீப் பீப் அனுப்பியவர்



போன மாசம் எங்க ஆயாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கட்டில் பக்கத்தில் ஒரு பெட்டி பீப், பீப் என்று கத்திக்கொண்டே இருந்தது. எனக்குப் பயத்தில் தூக்கமே வரவில்லை. அது ஆயாவோட நாடித்துடிப்புதான், சத்தம் சீராக வருவது நல்லதுதான் என்று நர்ஸ் அக்கா சொன்னாங்க. அப்புறம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தூங்கிட்டேன்.

இதை அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். விண்வெளியில் இருந்து முதன்முதலாக பீப் சத்தம் வரவைத்தவரைப் பற்றி டீச்சர் சொன்னாங்க. அவர் பெயர் செர்கேய் கொரோலியோவ்.

இவர் 1907-ஆம் ஆண்டு இன்றைய உக்ரைன் நாட்டில் இருக்கும் ஷித்தோமிர் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதில் தாத்தா, பாட்டி வீட்டில் வளர்ந்தார். விமானம் என்றால் அவருக்கு உயிர். பிறகு மாஸ்கோவில் நண்பர்களோடு சேர்ந்து ராக்கெட் செய்தார். 1938-இல் செய்யாத குற்றத்துக்காக அவரைக் கைது செய்தார்கள். கடுங்குளிர் அடிக்கும் கொலிமாவில் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்ய வைத்தார்கள். சரியான சாப்பாடு இல்லாமல் பல பற்கள் கொட்டிப்போச்சு. 1944-இல்தான் விடுதலை. வேற யாராவது இருந்தால் ராக்கெட்டே வேணாம்னு போயிருப்பாங்க. அவர் திரும்பவும் ராக்கெட்தான் செய்தார்.

1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் என்ற முதல் செயற்கைக்கோளை அவருடைய குழு அனுப்பியது. அது 58 செ.மீ. அகலமுள்ள ஒரு பந்து. எடை 83.6 கிலோ. சுமார் 96 நிமிடத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றியது. அதில் இருந்து வந்ததெல்லாம் பீப், பீப் சத்தம் மட்டும்தான்.

ஆனால் அந்த ஒரே சத்தத்துக்கு எத்தனை அர்த்தம் பாருங்க! சோவியத் மக்களுக்குப் பெருமை. அமெரிக்கர்களுக்குப் பயம். ஏன்னா, இதைத் தூக்கிட்டுப் போற ராக்கெட் குண்டையும் தூக்கிட்டு வரும் இல்லையா? வீட்டில் ரேடியோ வைத்துக் கேட்டவர்களுக்கு ஆச்சரியம். விஞ்ஞானிகளுக்கு அது சேதி. பந்துக்குள் வெப்பமோ அழுத்தமோ ரொம்ப மாறினால் பீப்போட நீளமும் மாறும்படி செய்திருந்தார்கள். சுமார் மூன்று வாரத்தில் பேட்டரி தீர்ந்து சத்தம் நின்றது.

1961-இல் யூரி ககாரினை விண்வெளிக்கு அனுப்பியதும் கொரோலியோவ் குழுதான். ஆனால் அவர் பெயரை அரசாங்கம் ரகசியமாக வைத்திருந்தது. தலைமை வடிவமைப்பாளர் என்று மட்டும்தான் சொல்வார்கள். 1966 ஜனவரி 14 அன்று ஒரு ஆபரேஷனை ஒட்டி இறந்துபோனார். அதற்கப்புறம்தான் பேப்பரில் பெயரும் படமும் வந்தது. பீப் சத்தத்தை உலகமே கேட்டது, அவர் பெயரை மட்டும் அவர் இருக்கும்போது உலகம் கேட்கவில்லை. இதை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆயா இப்போ நல்லா இருக்காங்க. ஆனால் ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து பார்த்துக்கிட்ட அந்த நர்ஸ் அக்கா பேரை நான் கேட்கவே இல்லை. அடுத்த வாரம் ஆயாவை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறோம். முதலில் அதைத்தான் கேட்கணும். நீங்களும் உங்களுக்கு உதவி செஞ்சவங்க பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.



– ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி