கணக்குச் சிறுவன்

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் வட்டாரத்தில் மோர்டன்ஹாம்ஸ்டெட் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்க் கல்தச்சர் ஒருவரின் மகனாக 1806ஆம் ஆண்டு பிறந்தவர் ஜார்ஜ் பார்க்கர் பிட்டர். ஆறு வயதில் தமையனார் அவருக்கு எண்ணக் கற்பித்தார். முதலில் பத்துவரை, பின்னர் நூறுவரை. எண் குறித்து அவர் பெற்ற பாடம் அவ்வளவே. எண்குறிகளை எழுதவும் படிக்கவும் அவர் அப்போது அறியார். பெருக்கல் என்னும் சொல்லையும் கேட்டறியார்.

ஆயினும் அச்சிறுவனிடம் பட்டாணியும் கோலிக்குண்டுகளும் சிறு ஈயக்குண்டுகளும் இருந்தன. அவற்றை வரிசை வரிசையாக அடுக்குவதே அவன் விளையாட்டு. வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை அடுக்கி எண்ணினால் அறுபத்து நான்கு வந்தது. ஒருமுறை கண்டறிந்த தொகையை அவன் மீண்டும் எண்ண வேண்டியிருக்கவில்லை. பிற பிள்ளைகள் வாயால் ஒப்பித்த வாய்பாட்டை அவன் கையால் கட்டினான். வீட்டின் எதிரே முதிய கொல்லர் ஒருவரின் உலைக்களம் இருந்தது. அங்கு வருவோர் கணக்குக் கேட்பர்; சரியான விடைக்குச் சிறு காசு கிடைக்கும். கேள்விகள் பெரிதாகப் பெரிதாக அவன் கணக்கும் வளர்ந்தது.

காசு வருவதைத் தந்தை கண்டார். சில ஆண்டுகளுக்குள் கணக்குச் சிறுவன் என்ற பெயருடன் மகனை ஊர் ஊராக அழைத்துச் சென்று காட்சிப்படுத்தினார். அரசி சார்லட்டின் முன்னிலையிலும் அவன் கணக்குச் சொன்னான். அறிஞர் சிலர் அவனைப் பள்ளியில் சேர்த்தபோதும், ஓராண்டளவில் தந்தை மீட்டுக்கொண்டு மீண்டும் மேடையேற்றினார். கல்தச்சரின் கூலியோடு ஒப்பிட்டால் காட்சி வருவாய் பெரிது. ஆதலால் அவரை முற்றும் பழிப்பதற்கில்லை. எனினும் மேடையில் கழிந்த ஒவ்வொரு மாதமும் கல்வியிலிருந்து கழிந்த மாதமே. அக்காலத்தில் இவ்வாறே காட்சிப்படுத்தப்பட்ட மற்றொரு சிறுவன் அமெரிக்காவைச் சேர்ந்த சிரா கோல்பர்ன். வளர்ந்தபின் அவரது கணக்காற்றல் அவரை விட்டு நீங்கியது.

பிட்டருக்கு அந்நிலை நேராமல் காத்தவர்கள் எடின்பரோ நகரத்துச் சான்றோர். ஹென்றி ஜார்டின் என்பவர் முன்னின்று, தந்தையை இசைவித்து, பிட்டரை அந்நகரிலேயே தங்கிக் கற்கச் செய்தார். 1822இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் கணிதத்திற்கான பரிசு பிட்டருக்குக் கிடைத்தது. பின்னாளில் வறிய மாணவர்க்கென அங்கு ஓர் உதவித்தொகையை நிறுவியபோது, அவர் அதற்குச் சூட்டியது தம் பெயரையன்று, ஜார்டினின் பெயரை.

பல்கலைக்கழகத்தில் உடன் பயின்ற ராபர்ட் ஸ்டீபன்சனோடு இணைந்து, பிட்டர் இருப்புப்பாதைப் பணிகளில் ஈடுபட்டார். இலண்டனின் விக்டோரியா கப்பல்துறையும் அவர் பணிகளுள் ஒன்று. புதிய இருப்புப்பாதைத் திட்டங்கள் நாடாளுமன்றக் குழுக்களின்முன் ஆராயப்பட்ட காலம் அது. எதிர்த்தரப்பினர் அடுக்கும் அளவுகளைக் கேட்டவாறே மனத்தில் சரிபார்த்து, பிழையை அங்கேயே சுட்டுவார் பிட்டர். அவரை அறையிலிருந்து வெளியேற்றுமாறு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருவர் வேண்டியதாகவும் கூறுவர்.

மேடையில் வித்தை காட்டுவோர் தம் நுட்பத்தை வெளியிடுவதில்லை. பிட்டரோ 1856இல் கட்டடப் பொறியாளர் கழகத்தில் தம் முறை முழுவதையும் விளக்கியுரைத்தார். தாளில் பெருக்குவோர் வலப்புறத்து ஒன்றாம் இலக்கத்திலிருந்து தொடங்குவர்; அவர் இடப்புறத்துப் பெரிய மதிப்பிலிருந்து தொடங்கினார். 173ஐ 397ஆல் பெருக்க வேண்டும் எனக் கொள்வோம். நூறு மடங்கு 39,700. எழுபது முந்நூறு 21,000, கூட்ட 60,700. எழுபது தொண்ணூறு 6,300, கூட்ட 67,000. எழுபது ஏழு 490, கூட்ட 67,490. மூன்று முந்நூறு 900, மூன்று தொண்ணூறு 270, மூவேழு 21. இவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்க்க 68,681. ஒவ்வொரு படியிலும் பழைய தொகை மறைந்து புதிய தொகை ஒன்றே மனத்தில் நிற்கிறது. தாளில் செய்வதுபோல் பல வரிகளைத் தேக்கிவைத்து இறுதியில் கூட்ட வேண்டியதில்லை. மனக்கணக்கில் களைப்புத் தருவது பெருக்குதலன்று, நினைவில் சுமத்தலே என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். பன்னிரண்டு இலக்க எண்ணைப் பன்னிரண்டு இலக்க எண்ணால் பெருக்கியபோது தாம் பட்ட துன்பத்தையும் அவர் மறைக்கவில்லை.

தம் நினைவாற்றல் இயல்புக்கு மீறியதன்று என்றும், இவ்வாற்றலைப் பிறர்க்கும் கற்பிக்க இயலும் என்றும் அவர் வாதிட்டார். எண்குறிகளை எழுதப் பழக்குமுன் குழந்தைகளின் கையில் கூழாங்கற்களைக் கொடுத்து, எண்ணின் அளவை உணரச் செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. அவையோர் வியந்தனர், எனினும் பள்ளிகள் எண்குறிகளை எழுதப் பழக்குவதிலேயே தொடர்ந்தன.

1878ஆம் ஆண்டு செப்டம்பரில், எழுபத்திரண்டு வயதான பிட்டரைக் காண ஒருவர் வந்தார். பேச்சு ஒளியைப் பற்றித் திரும்பியது. ஒளி வினாடிக்கு 1,90,000 மைல் செல்வதாக அன்று கொண்டனர். சிவப்பு ஒளியில் ஓர் அங்குலத்திற்கு 36,918 அலைகள் எனின், ஒரு வினாடியில் கண்ணை அடையும் அலைகள் எத்தனை? வந்தவர் கணக்கிட எழுதுகோலைத் தேடினார். அது வேண்டியதில்லை எனத் தடுத்த பிட்டர், 44,44,33,65,12,00,000 என விடை கூறினார். இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 20ஆம் நாள், டார்ட்மவுத்தில் அவர் காலமானார்.