மணிக்கு 30 சென்ட் சம்பளம்... உலகின் முதல் விமான மெக்கானிக் கடைசியில் எங்கே இருந்தார் தெரியுமா?

உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. போர் முடிந்ததோடு அதன் கதையும் முடிந்தது. அதற்குப் பிறகு கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்களுக்கு விமானம் என்றால், தலைக்கு மேலே வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டு போகிற ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஆனால், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும். 'ஏர்கிராஃப்ட் மெயின்டனன்ஸ் படிங்க, லட்சத்துல சம்பளம் வாங்குங்க' என்கிற விளம்பரம், கல்வராயன் மலையில் டவர் கிடைக்கிற இடத்திலெல்லாம் மொபைலில் வந்து நிற்கும்.

வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி போட்டு, சீசனில் கடுக்காய் பொறுக்கி விற்கிற குடும்பத்துக்கு அந்த 'லட்சம்' பெரிய வார்த்தை. யாருக்கு, எத்தனை வருஷம் கழித்து, எந்த ஊரில் வாடகை கொடுத்த பிறகு என்று அந்த விளம்பரத்தில் போட மாட்டார்கள். இதே கணக்கு, விமான மெக்கானிக் வேலையைச் சம்பளத்துக்குப் பார்த்த முதல் மனிதரின் வாழ்க்கையிலும் வருகிறது. அவர் பெயர் சார்லி டெய்லர்.

சைக்கிள் கடைக்கு வந்த மெக்கானிக்

1868 மே 24-ம் தேதி அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாகாணத்தில் பிறந்தவர் சார்லி. பெரிய படிப்பு கிடையாது. 12 வயதில் ஒரு பத்திரிகை ஆபீஸில் எடுபிடி வேலைக்குப் போனார். அப்புறம் மெஷின் ஷாப், கல்யாணம், பிழைப்புக்காக ஒஹையோ மாகாணத்தின் டேட்டன் நகரம் என்று வாழ்க்கை நகர்ந்தது. அங்கே ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்த கட்டடம், சார்லி மனைவியின் உறவினருக்குச் சொந்தமானது. பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

அப்போது சார்லி வேறொரு கம்பெனியில் மணிக்கு 25 சென்ட் வாங்கிக்கொண்டிருந்தார். ரைட் சகோதரர்கள் 30 சென்ட் தருவதாகச் சொன்னார்கள். 1901 ஜூனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். வாரத்துக்கு 18 டாலர். வகுத்துப் பார்த்தால் வாரம் 60 மணி நேர வேலை.

அது குறைந்த சம்பளமா? இல்லை. அதே 1901-ல் அமெரிக்க அரசு, தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தது. ஒரு குடும்பத்தின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 750 டாலர். செலவோ 769 டாலர். அதாவது, அப்போதும் மாசக் கடைசியில் கடன்தான்! அந்தச் செலவில் 40 சதவிகிதத்துக்கு மேல் சாப்பாட்டுக்கே போனது. சார்லிக்கு வருஷத்துக்கு 936 டாலர் வரும். டேட்டன் மாதிரி ஊரில் குடும்பம் நடத்த அது போதும். சைக்கிள் கடை மெக்கானிக்குக் கௌரவமான வருமானம் என்றே சொல்லலாம்.

ஆறு வாரத்தில் ஓர் இன்ஜின்

அண்ணனும் தம்பியும் கிளைடர் சோதனைக்காக கிட்டி ஹாக் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் கடையைப் பார்த்துக்கொண்டவர் சார்லிதான். அந்தக் கடையின் வருமானத்தில்தான் விமானக் கனவே ஓடிக்கொண்டிருந்தது. 1902 கடைசியில், ரைட் சகோதரர்கள் எடை குறைந்த ஓர் இன்ஜினைத் தேடினார்கள். கார் கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தும் அவர்கள் கேட்ட மாதிரி யாரும் தரவில்லை. சரி, நாமே செய்துகொள்வோம் என்று சார்லியிடம் வந்தார்கள். அதுவரைக்கும் சார்லிக்கு இருந்த பெட்ரோல் இன்ஜின் அனுபவம், ஒரே ஒரு கார் இன்ஜினை ரிப்பேர் பார்க்க முயன்றது மட்டும்தான்!

முறையான டிராயிங் எதுவும் கிடையாது. துண்டுத்தாளில் கையால் ஒரு படம் போடுவார்கள். சார்லி அதை வொர்க் பெஞ்சுக்கு மேலே குத்திவைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார். இருந்த மெஷின்கள் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். கிராங்க் ஷாஃப்ட் செய்ய ஒரு கனத்த எஃகுப் பலகையை எடுத்தார். அதன்மேல் வடிவத்தை வரைந்து, கோட்டை ஒட்டி வரிசையாகத் துளை போட்டு, வேண்டாத பகுதியை உளியாலும் சுத்தியலாலும் தட்டி எடுத்தார். மிச்சத்தை லேத்தில் கடைந்தார். கரும்பு டிராக்டர்களை ரிப்பேர் பார்க்கும் நம்ம ஊர்ப் பட்டறைக்காரர்களிடம் இதைச் சொன்னால், எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அவர்களுக்குச் சட்டென்று புரியும்.

ஆறே வாரத்தில் இன்ஜின் தயார். இன்ஜினின் உடல் அலுமினியத்தில் வார்த்தது. 1903 பிப்ரவரியில் ஓட்டிப் பார்த்தபோது அந்த அலுமினியப் பகுதி உடைந்துபோனது. புதிதாக வார்த்து வரும்வரை காத்திருந்து மறுபடியும் செய்தார்கள். கடைசியில் சுமார் 12 குதிரைத்திறன் கிடைத்தது. 1903 டிசம்பர் 17-ம் தேதி கிட்டி ஹாக்கில் மனிதன் பறந்தது அந்த இன்ஜினில்தான். சார்லி அங்கே இல்லை. டேட்டனில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானம் 30,000 டாலர், மெக்கானிக் 25 டாலர்

1909-ல் ரைட் சகோதரர்கள் அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு விமானத்தை விற்றார்கள். விலை 25,000 டாலர். பேசியதைவிட வேகமாகப் பறந்ததற்கு போனஸ் 5,000 டாலர். சார்லிக்கும் சம்பளம் ஏறியது, வாரத்துக்கு 25 டாலர். தானும் பறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. முதலாளிகள் அதை ஊக்கப்படுத்தவில்லை. அவர் தரையில்தான் தேவைப்பட்டார்.

இதற்காக ரைட் சகோதரர்களை வில்லனாக்கிவிட முடியாது. அவரை நம்பினார்கள், மரியாதையாக நடத்தினார்கள், வெளியில் யாரும் தராத வேலையைத் தந்தார்கள். ஆனால், கம்பெனியில் ஒரு பங்கு, ஒரு பேட்டன்ட்டில் ஒரு பெயர் என்று எதுவும் அவருக்கு வரவில்லை என்பதும் உண்மைதான்.

1911-ல் கால் ராட்ஜர்ஸ் என்ற விமானி, நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியா வரைக்கும் பறக்கக் கிளம்பினார். மெக்கானிக்காக வர சார்லிக்கு வாரம் 70 டாலர், செலவு தனி என்று பேசினார். 25 எங்கே, 70 எங்கே? சார்லி போனார். கிரேப் சோடா ஒன்றின் பெயரை எழுதிக்கொண்டு அந்த விமானம் பறக்கும், விழும், மறுபடியும் பறக்கும். உதிரிபாகங்களோடு ரயிலில் பின்தொடர்ந்துபோய் ஒட்டவைப்பதுதான் சார்லியின் வேலை. அவர் வாங்கிய நல்ல சம்பளம் அதுதான். அது நீடிக்கவில்லை. கலிஃபோர்னியாவில் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் போய், கொஞ்ச நாளில் மறுபடியும் டேட்டனுக்கே திரும்பினார்.

36 வருஷத்தில் 7 சென்ட்

1915-ல் ஆர்வில் ரைட் கம்பெனியை விற்றுவிட்டார். சார்லி 1928-ல் கலிஃபோர்னியாவுக்குக் குடிபோய், சால்டன் ஏரிக்கரையில் 336 ஏக்கர் நிலம் வாங்கினார். சேமிப்பெல்லாம் அதில்தான். அடுத்த வருஷமே பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. நிலமும் போனது, பணமும் போனது. 'பைபாஸ் பக்கத்துல மனை போட்டிருக்கோம், சீக்கிரம் டபுள் ஆயிடும்' என்று கேட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு இந்த இடத்தில் அவர்மீது கோபமே வராது. 1930-ல் மனைவி ஹென்றியட்டாவும் இறந்துபோனார்.

1937-ல் ரைட் சகோதரர்களின் பழைய சைக்கிள் கடையை டியர்பார்னில் தன் மியூசியத்தில் நிறுவ விரும்பிய ஹென்றி ஃபோர்டு, சார்லியைத் தேடச் சொன்னார். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விமானத் தொழிற்சாலையில் மணிக்கு 37 சென்ட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார் சார்லி. கூட வேலை செய்தவர்களுக்கே அவர் யாரென்று தெரியாது. முதல் விமான இன்ஜினைச் செய்த கைக்கு, 36 வருஷத்தில் ஏறிய கூலி 7 சென்ட். அதே காலத்தில் விலைவாசி ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகியிருந்தது. கையில் வாங்கும் காசு கூடியிருக்கிறது, அதற்குக் கிடைக்கும் சாமான் குறைந்திருக்கிறது!

இங்கே ஒரு நிமிஷம் நம்ம ஊருக்கு வருவோம். இன்று இந்தியாவில் விமானத்தைச் சரிபார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் டி.ஜி.சி.ஏ லைசென்ஸ் வாங்கியவருக்குத்தான். கோர்ஸ் முடித்த சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு. தேர்வுகளையும் பாஸ் செய்ய வேண்டும், அனுபவத்தையும் காட்ட வேண்டும். அதுவரை கிடைப்பது டெக்னீஷியன் சம்பளம். வேலை இருப்பதோ சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் மாதிரி ஊர்களில். கச்சிராயபாளையத்தில் வீட்டுச் சோறும் சொந்தக் கூரையும் இருப்பவருக்கு அங்கே முதல் செலவே அட்வான்ஸும் வாடகையும்தான். 'சம்பளம் எவ்வளவு ப்ரோ?' என்று கேட்பவர்கள், 'ரூம் வாடகை போக எவ்வளவு?' என்றும் கேட்டுவிடுவது நல்லது.

கடைசிக் கணக்கு

ஃபோர்டிடம் வேலை முடிந்து, 1941-ல் சார்லி கலிஃபோர்னியா திரும்பினார். 1945-ல் மாரடைப்பு. அதன் பிறகு வேலைக்குப் போக முடியவில்லை. 1948-ல் இறந்த ஆர்வில் ரைட், தன் உயிலில் சார்லிக்கு வருஷம் 800 டாலர் எழுதிவைத்திருந்தார். அன்பானவர்தான், மறக்கவில்லை. ஆனால், 52 வாரத்துக்கு வகுத்துப் பாருங்கள். வாரத்துக்கு 15 டாலர் சொச்சம். 1901-ல் வாங்கிய 18 டாலரைவிடக் குறைவு. விலைவாசியோ அதற்குள் மூன்று மடங்குக்குக் கிட்டத்தட்ட வந்திருந்தது. இதோடு அரசாங்க ஓய்வூதியம் கொஞ்சம், அவ்வளவுதான் வருமானம்.

1955-ல் லாஸ் ஏஞ்சலிஸ் அரசு மருத்துவமனையின் இலவச வார்டில் அவர் கிடப்பது வெளியில் தெரிந்தது. விமானத் துறையினர் பதறிப்போய் நிதி திரட்டி, தனியார் மருத்துவ இல்லத்துக்கு மாற்றினார்கள். சில மாதங்கள்தான். 1956 ஜனவரி 30-ம் தேதி, 87 வயதில் சார்லி டெய்லர் இறந்தார். எட்டு வருஷத்துக்கு முன் ஆர்வில் ரைட் இறந்ததும் இதே ஜனவரி 30-ல்தான்.

பர்பேங்க் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானத் துறை முன்னோடிகளுக்கான நினைவு மண்டபத்தில் அவரைப் புதைத்தார்கள். அவர் பிறந்த மே 24, இப்போது அமெரிக்காவில் விமானப் பராமரிப்புத் தொழிலாளர்களின் தினம்.