3-ம் நம்பர் ஏன் 7 ஆச்சு?

ப்ராஜெக்ட்டுக்காக ரோட்டு வீடியோவில் நடந்து போறவங்களை ட்ராக் பண்ணிப் பார்த்திருக்கீங்களா? ரெண்டு பேர் குறுக்கே கடந்தாங்கன்னா, 3-ம் நம்பர் ஆள் திடீர்னு 7 ஆகிடுவார். இந்தக் குழப்பத்தைக் குறைக்க டீப்சார்ட் அல்காரிதம் போடும் கணக்கில் ஒரு கொல்கத்தாக்காரர் பெயர் இருக்கு: பிரசாந்த சந்திர மஹலனோபிஸ்.

1893 ஜூன் 29-ல் பிறந்தவர். கொல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். 1915-ல் ஊர் திரும்பும்போது உலகப்போரால் கப்பல் தாமதமானது. காத்திருந்த நாட்களில், ஆசிரியர் ஒருவர் காட்டிய பயோமெட்ரிக்கா இதழில் மூழ்கிட்டார். அதன் தொகுதிகளை வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏறினார். ஊரில் பார்த்தது இயற்பியல் பேராசிரியர் வேலை. மனசு முழுக்கப் புள்ளியியல்.

1920-ல் நாக்பூர் அறிவியல் மாநாட்டில் விலங்கியல் அறிஞர் ஆனண்டேலைச் சந்தித்தார். கொல்கத்தா ஆங்கிலோ-இந்தியர்களின் உடல் அளவுகளை ஆராயும் வேலை அவரிடமிருந்து வந்தது. எந்தக் குழு எந்தக் குழுவுக்கு நெருக்கம்? இங்கேதான் சிக்கல். உயரமானவருக்குக் கையும் பொதுவாக நீளம். தனித்தனியாகக் கூட்டினால் ஒரே வித்தியாசத்தை ரெண்டு தடவை எண்ணிடுவோம். சில அளவுகள் இயல்பாகவே ஆளுக்கு ஆள் நிறைய மாறும். இந்த இரண்டையும் சரிக்கட்டும் தூரத்தை 1936-ல் வெளியிட்டார்.

இப்போ உங்க வீடியோவுக்கு வாங்க. அடுத்த ஃப்ரேமில் ஆள் எங்கே இருப்பார், அந்தக் கணிப்பில் எவ்வளவு சந்தேகம் என்று கால்மன் ஃபில்டர் சொல்லும். ஆள் பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்தால் சந்தேகம் பெருகும். கொஞ்சம் தள்ளித் தெரிந்தாலும் அவராக இருக்கலாம். கண்ணெதிரே நடப்பவர் என்றால் அதே இடைவெளி அதிகம். வெறும் பிக்சல் தூரத்துக்கு இது புரியாது. மஹலனோபிஸ் தூரத்துக்குப் புரியும். அதன் வர்க்கம் 9.4877-ஐத் தாண்டினால் டீப்சார்ட் அந்த ஜோடியைக் கழித்துவிடும்.

1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். மாதிரிக் கணக்கெடுப்பை நாடு முழுக்கக் கொண்டுபோனார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அடித்தளம் போட்டார். 1972 ஜூன் 28-ல், 79-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள் மறைந்தார். ஜூன் 29 இன்று தேசியப் புள்ளியியல் தினம்.

ஒண்ணு மட்டும் யோசிங்க. குழுக்களை ஒப்பிட அவர் உருவாக்கிய தூரத்தை வைத்து, நாம ஒரு தனி ஆளைப் பின்தொடர்கிறோம். அந்த ஆளுக்கு இது தெரியுமா? டெமோ காட்டும் முன் அதற்கும் ஒரு பதில் வச்சுக்கோங்க.