சிங்கப்பூர் ராணுவத்துக்கு வடிவம் தந்த பொருளியல் நிபுணர் - யார் இந்த கோ கெங் சுவீ?

உங்க வீட்டில் மகனோ தம்பியோ தேசிய சேவைக்குப் போயிருக்காரா? சம்பளத்துக்கு ஆள் எடுப்பதோடு நிறுத்தாமல், ஏன் வீட்டுக்கு வீடு பிள்ளைகளை அழைக்கிறார்கள் என்று எப்போதாவது யோசிச்சிருக்கீங்களா?

பதில் தெரிய, டாக்டர் கோ கெங் சுவீயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் அவர்?

1918ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்தார். ராஃபிள்ஸ் கல்லூரியிலும் லண்டனிலும் பொருளியல் படித்தார். போருக்கு முன்பு தொண்டூழியப் படையில் இருந்தாரே தவிர, அவர் ராணுவ அதிகாரி இல்லை. 1959இல் நிதியமைச்சரானார். ஜூரோங் தொழிற்பேட்டை அவருடைய திட்டம்தான்.

1965 ஆகஸ்ட் 9. சிங்கப்பூர் தனி நாடானது. உள்துறை, தற்காப்புப் பொறுப்பு அவரிடம் வந்தது.

கையில் என்ன இருந்தது?

காலாட்படைப் பட்டாளங்கள் இரண்டே இரண்டு. ஆகாயப் படையே கிடையாது. நாட்டைப் பெரும்பாலும் பிரிட்டிஷ் படைதான் காத்துவந்தது.

என்ன செய்தார்?

பொருளியல் நிபுணர் அல்லவா? கணக்குப் போட்டார்.

மக்கள்தொகையோ 20 லட்சத்துக்கும் குறைவு. பெரிய முழுநேர ராணுவம் வைத்தால் செலவு தாங்காது. தொழிற்சாலைக்கும் ஆள் கிடைக்காது. அப்போ என்ன வழி? இளையர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலைக்குத் திருப்பி அனுப்பலாம். ஆபத்து வந்தால் மீண்டும் அழைக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. வெவ்வேறு இனம், வெவ்வேறு மொழி. எல்லாரும் ஒரே முகாமில் தங்கினால் ஒரே நாட்டவர் என்ற உணர்வு வளரும் என்று அவர் நம்பினார்.

அதிகாரிகளை உருவாக்க 1966இல் 'சாஃப்டி' பயிற்சிக் கழகம் தொடங்கியது. இஸ்ரேலிய ஆலோசகர்கள் உதவினார்கள். வெளியே தெரியாமலிருக்க அவர்களை 'மெக்சிகோக்காரர்கள்' என்றே குறிப்பிட்டார்கள்!

1967 மார்ச்சில் தேசிய சேவைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆகஸ்ட்டில் முதல் முழுநேரச் சேவையாளர்கள் சுமார் 900 பேர் முகாமுக்குப் போனார்கள். ராணுவ வேலையைப் பல குடும்பங்கள் மதிக்காத காலம் அது. அதனால் சமூக நிலையங்களில் வழியனுப்பு விழா வைத்தார்கள்.

நெருக்கடி எப்போது வந்தது?

1971 இறுதிக்குள் வெளியேறப்போவதாக பிரிட்டன் 1968இல் அறிவித்தது. வானத்தை யார் காப்பது? அந்த ஆண்டே ஆகாயத் தற்காப்புப் பிரிவு உருவானது. 1969இல் 8 சிறிய செஸ்னா விமானங்களில் விமானிகளுக்குப் பயிற்சி ஆரம்பித்தது. 1970இல் டாக்டர் கோ மீண்டும் தற்காப்பு அமைச்சரானார். 1979 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இன்று எப்படி இருக்கிறது?

தரைப்படை, கடற்படை, ஆகாயப் படை ஆகியவற்றோடு 2022இல் மின்னிலக்க, புலனாய்வுச் சேவையும் சேர்ந்தது. ஆனால் அடிப்படை அதேதான்: முழுநேர வீரர்கள் கொஞ்சப் பேர், 2 ஆண்டு சேவை செய்யும் இளையர்கள், அழைத்தால் வரும் போர்க்காலப் படையினர்.

டாக்டர் கோ 2010ஆம் ஆண்டு தமது 91ஆவது வயதில் காலமானார். அவர் போட்ட கணக்குப்படிதான் உங்க வீட்டுப் பிள்ளைக்கும் அழைப்புக் கடிதம் வருகிறது.