மனநோயாளிக்குச் செவி கொடுத்த டாக்டர்

புத்தி பேதலித்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போடுவது ஐரோப்பாவில் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. அடிப்பதும், உடலிலிருந்து இரத்தத்தை வெளியேற்றுவதுமே வைத்தியம். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டவர் பிலிப் பினேல் என்ற பிரெஞ்சு டாக்டர்.

பினேல் 1745-ம் ஆண்டு தெற்குப் பிரான்சில் பிறந்தார். தந்தை ரண வைத்தியர். மகனும் டாக்டருக்குப் படித்தார். 1778-ல் பாரிஸ் நகருக்குப் போனார். ஆனால் வெளியூரில் வாங்கிய பட்டம் அங்கே செல்லவில்லை. சுமார் 15 ஆண்டுகள் மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தும், பத்திரிகைகளில் எழுதியும் பிழைத்தார்.

அப்போது அவருடைய நண்பர் ஒருவர் மனநோயால் இறந்து போனார். சரியான கவனிப்பு இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று பினேல் நம்பினார். மனநோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார்.

தோல் பதனிட்டவர்

1793-ம் ஆண்டு. பிரான்சில் புரட்சி நடந்துகொண்டிருந்தது. பாரிஸ் அருகில் உள்ள பிசேத்ர் ஆஸ்பத்திரிக்குப் பினேல் டாக்டர் ஆனார்.

அங்கே மனநோயாளிகளைக் கவனித்து வந்தவர் புசேன். இவர் டாக்டர் அல்ல. தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற வந்து, குணமானதும் அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர். நோயாளிகளை அடிக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாக இருந்தார். குணம் அடைந்தவர்களையே உதவியாளர் ஆக்கினார். படித்த டாக்டரான பினேல், படிக்காத புசேனிடம் பாடம் கற்றார்.

1797-ல் பிசேத்ரில் சங்கிலிகளை அகற்றியவரும் புசேன்தான். சால்பெத்ரியேர் என்ற பெண்கள் ஆஸ்பத்திரியில் பினேல் அதையே பின்னால் செய்தார். பிற்காலத்தில் புகழ் முழுவதும் பினேலுக்கே போயிற்று. ஆனால் பினேல் தம் நூலில் புசேனை மனமாரப் பாராட்டியிருக்கிறார்.

பொய் பலிக்கவில்லை

பிசேத்ருக்கு ஒரு தையற்காரர் வந்தார். தம் தலையை வெட்டப் போகிறார்கள் என்று பயந்து, ஊண் உறக்கம் இழந்தவர். பினேல் அவருக்கு வேலை கொடுத்தார். மற்ற நோயாளிகளின் கிழிந்த துணிகளை அவர் தைத்தார். கை ஓடியது, மனம் தெளிந்தது.

சில மாதங்களில் பயம் திரும்பியது. பினேல் ஒரு தந்திரம் செய்தார். டாக்டர்கள் சிலர் நீதிபதிகளைப் போல வேடமிட்டு வந்தார்கள். விசாரணை நடத்தி, அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்புக் கூறினார்கள். தையற்காரர் மகிழ்ந்தார். ஆனால் அது வெறும் நாடகம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நோய் முற்றியது. பிறகு அவர் குணமாகவில்லை.

இந்தத் தோல்வியைப் பினேல் மறைக்கவில்லை. 1801-ல் வெளியிட்ட நூலில் எழுதி வைத்தார். 1826-ல், 81-வது வயதில் காலமானார்.

இன்றைக்கும் பாடம்

சங்கிலி அவரோடு ஒழிந்துவிடவில்லை. 2001 ஆகஸ்டில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் கருகினார்கள். மாண்டவர்கள் 28 பேர். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் தடை செய்தது.

இன்று மனநல ஆலோசகர்கள் நோயாளியிடம் உண்மையைச் சொல்லி, சம்மதம் கேட்டே சிகிச்சை தொடங்க வேண்டும். அவர் சொன்ன இரகசியத்தைக் காக்க வேண்டும். தையற்காரருக்கு வேலை உதவியது, பொய் உதவவில்லை. வீட்டில் ஒருவருக்கு மனம் தளர்ந்தால், ஏய்த்து அழைத்துப் போக வேண்டாம். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேளுங்கள். பிறகு டாக்டரிடம் போகலாம் என்று அவரிடமே பேசுங்கள்.