மேரி பிக்போர்ட் அம்மையாரும் மறைந்த மாளிகையும்

ஹொலிவூட்டைக் காணச் செல்வோர் தவறாது நாடும் இடங்கள் மூன்று. நட்சத்திரங்களின் காலடிகள் பதிந்த சீனப் படமாளிகை, அதற்கு எதிரே நிற்கும் ரூஸ்வெல்ட் ஹோட்டல், அப்பால் பெவர்லி ஹில்ஸ் குன்றுகளிலுள்ள செல்வர் மனைகள் என்பனவே அவை. நானும் அம்மூன்றையும் கண்டு வந்தேன். மூன்றிடத்தும் ஒரே பெண்மணியின் பெயர் எனக்கு எதிர்ப்பட்டது. ஒரு காலத்தில் உலகமெங்கும் ஒலித்த அப்பெயரை இன்று அறிந்தோர் சிலரே.

மேரி பிக்போர்ட் அம்மையார் கனடாவின் ரொறன்ரோ நகரில் 1892ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆந் திகதி பிறந்தார். கிளாடிஸ் சிமித் என்பது இயற்பெயர். 1898இல் தந்தையார் காலமாக, தாயார் சார்லட் தையல் வேலை செய்தும், வீட்டிலே வாடகைக்கு ஆட்களை இருத்தியும் மூன்று குழந்தைகளைக் காப்பாற்றினார். அவ்வாறு தங்க வந்த நாடகக்காரர் ஒருவராலேயே சிறுமி மேடையேற நேர்ந்தது. அன்று முதல் அக்குடும்பத்தின் அடுப்பு எரிந்தது பெரிதும் அச்சிறுமியின் உழைப்பினாலேயே. ஊர் ஊராக அலைந்து நடித்த அவருக்கு, 1907இல் நியூயோர்க் நாடக முதல்வர் டேவிட் பெலாஸ்கோ புதுப் பெயர் சூட்டினார்.

1909இல் பயோகிராப் கம்பனியின் நெறியாளர் டி. டபிள்யூ. கிறிபித்திடம் வேலைக்குச் சென்றபோது, நாளொன்றுக்கு 5 டொலர் போதாது, 10 டொலர் வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். ஏழு ஆண்டுகளுக்குள் அவரது வாரச் சம்பளம் 10,000 டொலராயிற்று. வறுமை கற்பித்த கணக்கு அது. திரையிலே பேதைச் சிறுமியாகத் தோன்றியவர், ஒப்பந்த மேசையில் முதலாளிமாரைத் திணற வைத்தார். 1919இல் சார்ளி சப்ளின், டக்ளஸ் பெயர்பாங்ஸ், கிறிபித் ஆகியோருடன் சேர்ந்து யுனைற்றட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். படைப்பின் பயன் படைப்போரையே சாரவேண்டும் என்பது அதன் நோக்கம்.

1920இல் பெயர்பாங்ஸை மணந்து அவர் குடிபுகுந்த மனையே பிக்பெயர். இருவர் பெயரையும் இணைத்து வழங்கிய பெயர் அது. வேட்டை விடுதியாக இருந்ததை மாளிகையாக்கினர். ஐன்ஸ்டைன் போன்ற பேரறிஞரும் அங்கு விருந்தினராயினர். 1927இல் சீனப் படமாளிகையின் முன்றிலில், ஈரச் சீமெந்தில் முதன்முதற் கால் பதித்தோர் இத்தம்பதியரே. அவ்வாண்டிலேயே திறக்கப்பட்ட ரூஸ்வெல்ட் ஹோட்டலுக்கு முதலிட்டோருள்ளும் இருவரும் இருந்தனர். முதலாவது ஒஸ்கார் பரிசளிப்பு 1929இல் நிகழ்ந்தது அந்த ஹோட்டலின் மண்டபத்திலேதான்.

ஆனால் புகழே அவருக்குச் சிறையுமாயிற்று. பொன்னிறச் சுருட்கூந்தற் சிறுமியாகவே இரசிகர்கள் அவரைக் காண விரும்பினர். 1920இல் வெளிவந்த பொலியானா படத்தில், 27 வயதில் 12 வயதுச் சிறுமியாக நடித்தார். 1928இல் தாயார் மறைந்தபின் அக்கூந்தலைக் கத்தரித்தார். அது அக்காலத்துப் பத்திரிகைகளின் பெருஞ் செய்தியாயிற்று. கொக்கெற் என்ற முதற் பேசும்படம் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றுத் தந்ததாயினும், வளர்ந்த பெண்ணாக அவரை ஏற்க மக்கள் மனம் பெரிதும் ஒப்பவில்லை. 1933ஆம் ஆண்டுடன் நடிப்பைத் துறந்தார். 1936இல் பெயர்பாங்ஸுடனான மணவாழ்வும் முறிந்தது. மறுமணம் புரிந்து பிக்பெயரிலேயே வாழ்ந்த அவர், காலப்போக்கில் மதுவுக்கு ஆட்பட்டு, வெளியே தோன்றாது ஒடுங்கினார்.

தம் ஊமைப்படங்களைப் பிற்காலத்தவர் எள்ளி நகையாடுவர் என அஞ்சி, அவற்றை அழித்துவிடவும் எண்ணினார். பழந்தோழி லிலியன் கிஷ் முதலியோர் தடுத்தமையால் படங்கள் பிழைத்தன. 1976இல் சிறப்பு ஒஸ்கார் விருது அவரது இல்லத்துக்கே கொண்டு சென்று வழங்கப்பட்டது. 1979 மே 29ஆந் திகதி, தம் 87ஆவது வயதில் காலமானார்.

பிக்பெயர் இருந்த வீதியிலே நான் நின்றபோது பழைய வாயிற் கதவுகளையே கண்டேன். கைமாறிய மாளிகை 1990இல் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வேறொரு மனை எழுந்துவிட்டது. படமாளிகை முற்றத்திலோ பயணிகள் சிலர் அவருடைய சிறிய பாதச் சுவட்டிலே தம் காலை வைத்து அளவு பார்த்தனர். பெயரை வாசித்தோர் அரிது.

எனினும், பயணிகள் நாடாத இடமொன்றில் அவருடைய நினைவு வாழ்கிறது. 1921இல் நலிந்த திரைத் தொழிலாளருக்கென நிவாரண நிதியொன்றை நிறுவியோருள் அவர் ஒருவர். வேலையிலிருப்போரின் சம்பளத்தில் நூற்றுக்கு அரைப் பங்கை அதற்குச் சேர்க்கும் முறை 1932இல் ஏற்பட்டது. அந்நிதியின் பயனாக 1942இல் வூட்லண்ட் ஹில்ஸில் முதியோர் இல்லம் திறக்கப்பட்டது. விளக்கொளியில் நின்றவர்க்கும், விளக்கைத் தூக்கிப் பிடித்தவர்க்கும் அது ஒருங்கே புகலிடம். தந்தையை இழந்த வீட்டின் பசியை அறிந்த சிறுமியை நான் அங்கேதான் காண்கிறேன். ஆடம்பரத்துக்கு எழுப்பிய மனை அழிந்தது. பிறர் துயர்க்கு எழுப்பிய மனை நின்றது.